முப்பத்து நான்கு மீட்டருக்கு அப்பால்

ஹெல்டெர்மா துறையில் தொடங்கி
எதிர்க்கரை எஸ்தோனியப் பெருநிலம் வரை
கடல் இறுகிக் கிடக்கிறது பிப்ரவரியில்.
பாதையோரம் ஜூனிப்பர் கிளைகளை நட்டிருக்கிறார்கள்,
வெள்ளையில் வழி தவறாதிருக்க.

எஹா துளையிடுகிறாள்.
துருவல் பறந்து கையுறையில் ஒட்டுகிறது.
அளவுகோலை இறக்கிக் கொக்கியால் அடிவிளிம்பைத் தேடி
எழுதுகிறாள்: ஐம்பது சென்டிமீட்டர்.

மிச்சக் கணக்கு நேற்றிரவே முடிந்தது.
எடை ஒரு புள்ளி. பனி ஒரு தகடு.
அடியில் நீர், அழுந்திய அளவுக்கு மட்டுமே
திருப்பித் தள்ளுகிறது. ஒரு சொட்டும் கூடுதலாக இல்லை.
எழுதினால் நான்காம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு,
நான்காம் வரிசை என்றால்
வாசலில் நான்கு தீர்வுகள்.

நால்வரும் பெசல் சார்பின் வீட்டுப் பிள்ளைகள்தாம்.
கற்பனை எண்ணின் வர்க்கமூலத்தைக் கையில் கொடுத்துச்
சாய்வாகத் திருப்பி அனுப்பியதால்
முகம் மாறிப்போனவர்கள்:
பெர், பெய், கெர், கெய்.

பெர்ரும் பெய்யும் தூரம் போகப் போக
ஆடி ஆடிப் பெருகும்.
அவற்றை நம்பினால்
இங்கே ஒரு வேன் ஏறியதற்கு
அங்கே ஸ்வீடன் கரை எகிற வேண்டும்.
அடித்தாயிற்று.
கெர், சுமையின் நேர் அடியில்
பாதாளமே வேண்டும் என்கிறது.
பனி அவ்வளவு இறங்காது.
அதையும் அடித்தாயிற்று.

மிஞ்சியது கெய்.
மையத்தில் நான்கு மில்லிமீட்டர் பள்ளம்,
பிறகு மெல்ல மேலேறி
முப்பத்து நான்காவது மீட்டரில் பழைய மட்டத்தைத் தொட்டு
நிற்காமல்
அதையும் தாண்டிக் கொஞ்சம் உயர்கிறது.
கொஞ்சம் என்றால்
ஒரு தலைமுடித் தடிமன்.

காலையில் எடைமேடையில் நின்றது தாவோவின் வேன்.
அலமாரி, படகு மோட்டார்,
பங்கு பிரித்ததில் அவனுக்கு வந்த நீள மேசை,
பெட்டி பெட்டியாகப் புத்தகம் (பாதி அவளுடையவை, சொல்லவில்லை).
அனுமதி இரண்டரை டன்.
முள் அதற்குப் பத்துக் கிலோ முன்னால் நின்றது,
இரும்பு அடுப்பை இறக்கிவைத்துவிட்டான் என்பதால்.
கையெழுத்துப் போட்டாள்.
அந்தக் கட்டத்தில் பெயருக்கு இடமில்லை,
வண்டி எண் மட்டும்.

இப்போது வருகிறான்.
இருக்கைப் பட்டை கழற்றியிருக்கிறது, விதிப்படி.
இருபத்தைந்துக்குக் கீழே வேகம், அதுவும் விதிப்படி.
இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே போனால்
அடிநீரின் அலை வண்டியோடு சேர்ந்து ஓடிப்
பனியைக் கிழித்துவிடும் என்று
தீவில் குழந்தைகளுக்கும் தெரியும்.

நிறுத்தக்கூடாது என்பதும் தெரியும்.
அவளருகே நிறுத்தினான்.

கண்ணாடியை இறக்கி ஏதோ தேடினான்,
சட்டைப் பையில், பிறகு மறு பையில்.
எட்டு மாதம் பேசாத வாய்
திறப்பதற்கு நேரம் எடுத்தது.
அவளுக்கோ சமன்பாடுதான் நினைவுக்கு வந்தது,
அதில் காலத்துக்கு எழுத்தே இல்லை.
நின்றுகொண்டே இருக்கும் எடைக்குப் பனி
இன்னொரு நியாயம் வைத்திருக்கிறது:
கணத்துக்குக் கணம் தொய்யும்,
முறியும்வரை சொல்லாது.

"போ தாவோ. நிற்காதே. போ."

போனான்.
வீட்டுச் சாவி பனியில் கிடந்தது,
அவன் போட்டதா நழுவியதா தெரியவில்லை.

அவள் சாவியை எடுக்கவில்லை, எண்ணினாள்.
பத்து மீட்டர்: அவளும் அவனோடு கீழே.
இருபது: இன்னும் கீழேதான்.
முப்பத்து நான்கு.
நாற்பது.
எந்தக் கருவியும் காட்டாது,
முழங்கால் உணராது,
ஆனாலும் அந்த இடத்தில்
போகிறவனின் பாரம்
நிற்கிறவளை ஒரு முடி அளவு
கடலிலிருந்து தூக்கிப் பிடித்திருந்தது.

அறுபதுக்குப் பிறகு
அதுவும் இல்லை.

குறிப்பேட்டில் நேரம், எடை, தடிமன்.
குறிப்புகள் என்ற கட்டத்தில்
பேனா மை உறைந்திருந்தது. ஊதினாள்.
பிறகு அடுத்த துளைக்கு நடந்தாள்,
பாதி வழியில் திரும்பி வந்து
சாவியைக் குனிந்து எடுத்தாள்.